24 செகண்ட்

சாயங்காலம் மக்ரூன் வாங்கிட்டு வாறேன். ஒரு ஸ்கூல் கேட்டுக்குள்ள இருந்து பாஸ்கெட்பால் உருண்டு வந்து என் ஸ்கூட்டியில முட்டிச்சு.

"யக்கா, பந்து!"

நானும் ஒரு காலத்துல பாயிண்ட் கார்டுதான்.
எங்க கோர்ட்ல உப்புக்காத்துல துருப்பிடிச்ச வளையம். வலையே கிடையாது.
பந்து உள்ள விழுந்துச்சா இல்லையான்னு தினமும் சண்டை.

அங்க படிச்சது மூணே பாடம்.

கையில பந்து வந்தா 24 செகண்டுக்குள்ள எறிஞ்சிரணும்.
நாலு ஃபவுல் ஆயிட்டா வாயையும் கையையும் அடக்கணும். அஞ்சாவது ஆச்சுன்னா வெளியதான்.
பாஸ் குடுத்துட்டு வேடிக்கை பாக்கக் கூடாது, ஓடிட்டே இருக்கணும்.

கல்யாணம் ஆச்சு. ஷூ பரண்ல ஏறிச்சு.

நம்ம பாஸ்கெட்பால் வீராங்கனை அனிதா பால்துரை பிள்ளை பெத்த பிறகும் இந்தியாவுக்கு ஆடுனாங்க. 2021ல பத்மஸ்ரீ.
நான் பிள்ளை பெத்த பிறகு மாடிப்படி ஏறவே யோசிக்கேன்.

சரி, பாத்துருவோம்னு உருண்டு வந்த பந்தை எடுத்து ஸ்டைலா எறிஞ்சேன்.
பந்து நேரா கரும்பு ஜூஸ் வண்டிக்குப் போச்சு.

"யக்கா, நீங்க விளையாடிருக்கீங்களா?"
ஒருத்தி சிரிக்காம கேட்டா. அதான் ரொம்ப வலிச்சுது.

தோள்பட்டைக்குத் தைலம் தேச்சுக்கிட்டே யோசிக்கேன்.
என்னோட 24 செகண்ட் எப்ப முடிஞ்சுது?
யாராச்சும் விசில் ஊதுனாங்களா, இல்ல நானாத்தான் வெளிய வந்துட்டேனா?