சுண்ணாம்புத் தெளிவு

“ஏல, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பையா மீனுக்கு ஊத்துத?” என்றாள் அம்மா. தூத்துக்குடியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்கு மகன் வாளியில் சுண்ணாம்பு கரைத்தால் எந்தத் தாய்க்கும் கவலை வரும்.

மீனுக்கு இல்லை, பவளத்துக்கு.

எங்கள் சிங்கப்பூர் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. இருநூறு லிட்டர் உப்புநீர், இரண்டு கோமாளி மீன், எட்டுப் பவளம், இருபத்தாறு டிகிரியைத் தாண்டவிடாமல் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு சில்லர். தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் உப்புநீரை ஊற்றிக் கெடுப்பார்கள். நானும் கெடுத்தவன்தான்.

அந்த நல்ல தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக இறக்குவது பவளம் வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். ‘கால்க்வாஸர்’ என்ற ஜெர்மன் பெயரைக் கேட்டு முதலில் மிரண்டேன். சுண்ணாம்புத் தண்ணீர் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. பவளம் தன் கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்; எடுத்ததை நாம்தான் திருப்பி வைக்க வேண்டும். இரவில் விடுவதற்கும் காரணம் உண்டு. விளக்கை அணைத்ததும் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடும். கரியமிலவாயு கூடி பிஎச் இறங்கும். சுண்ணாம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும்.

ஒருநாள் குழாய்த் திருகைச் சரியாக மூடாமல் தூங்கிவிட்டேன். விடிந்தபோது தொட்டி முழுக்கப் பழைய சோற்று நீராகத்தண்ணி. ஒரே இரவில் மொத்த வாளியும் இறங்கியிருந்தது. மூன்று வருஷமாக விரல் நீளம் வளர்ந்திருந்த கிளைப் பவளம் இரண்டு நாளில் தோலுரிந்து வெறும் வெள்ளைக் குச்சியானது.

அதைக் கையில் எடுத்ததும் அம்மா, “இது நம்ம ஊர்க் கல்லுல்லா?” என்றாள்.

கல்லேதான். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் வள்ளம் வள்ளமாகப் பவளத்தை உடைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். காளவாசலில் சுட்டால் கரியமிலவாயு போய்விடும். தண்ணீர் தெளித்தால் சுண்ணாம்பு. அங்குள்ள இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போனதற்குப் பவளம் உடைத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுக்கப் பவளப்பார் இல்லாத தீவு வெறும் மணல்தானே. சுண்ணாம்பு என் தொட்டியில் கரியமிலவாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு பவளமாகிறது. காளவாசல் ஓரிரு நாளில் செய்ததைத் திருப்பிச் செய்ய எனக்கு வருஷங்கள் ஆகின்றன. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பருத்தாலே அதிகம்.

இப்போது திருகுக்குப் பதில் சிறு பம்பு போட்டிருக்கிறேன். குறித்த அளவுக்குமேல் விடாது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 முதல் இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து ஒரு துண்டு பிடுங்கினாலும் குற்றம். கரையில் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.