கால் பிடிக்கும் கைகள்

சிங்கப்பூர் சைனாடவுனில் மஞ்சளும் பச்சையுமாக நிற்கும் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸுக்குள் நுழைந்தால், பயண முகவர்களுக்கும் நாணய மாற்றுக்காரர்களுக்கும் இடையே கால் பிடித்துவிடும் கடைகள். சாய்வு நாற்காலிகளில் இருப்பவர்களில் பலர் நாள் முழுக்க நின்று உழைப்பவர்கள். எனக்கு வெகுநாளாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் முள் தைத்தாற்போல் சுருக்கென்று பிடிக்கும். சற்று நடந்தால் குறையும்.

எனக்குப் பிடித்துவிட்ட அம்மாள் ஈப்போக்காரர், ஐம்பதைக் கடந்தவர். என் காலைத் தொட்டியில் விடுமுன் தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். குதிகால் வெடிப்பைத் தடவினார். “கென்சிங் மானிஸ் இருக்கா, அங்கிள்?” என்று மலாயில் நீரிழிவைப் பற்றி விசாரித்தார். இல்லை என்று சொன்ன பிறகுதான் களிம்பு டப்பாவைத் திறந்தார்.

ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் கணுவை உள்ளங்காலில் ஊன்றி, குதிகாலிலிருந்து விரல்பக்கமாக இழுத்தார். விரலுக்கு வேலை குறைவு. தோளைச் சாய்த்து உடம்பின் எடையையே அந்தக் கணுவில் இறக்குகிறார். அங்கே தோல் காய்த்திருந்தது. “கட்டைவிரலை மட்டுமே நம்பினவங்க பலர் தொழிலை விட்டுட்டாங்க” என்றார். அவருடைய கட்டைவிரல் மூட்டும் வீங்கித்தான் இருந்தது.

சுவரில் பாத வரைபடம்: விரல்களில் தலை, நடுப்பாதத்தில் வயிறும் சிறுநீரகமும். பழைய சீன வைத்தியம் என்று பலர் நினைக்கும் இப்படத்துக்கு அமெரிக்கப் பூர்விகமும் உண்டு. மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடலைப் 10 மண்டலங்களாகப் பிரித்தார். யூனிஸ் இங்கம் அதைப் பாதத்தில் வரைந்து 1938இல் புத்தகமாக்கினார். பாதத்தின் ஒரு புள்ளியிலிருந்து சிறுநீரகத்துக்குப் போகும் தனி வழி எதையும் உடற்கூறியல் கண்டதில்லை. ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் குழுவினர் 2011இல் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இப்படிப் பாதத்தை அழுத்துவது மருந்தாகும் என நம்பத்தக்க சான்று இல்லை என்றார்கள்.

ஆனாலும் எழுந்து நின்றபோது என் கால் லேசாக இருந்தது. அந்தச் சுகம் பொய்யில்லை. இறுகிய தசை இளகுகிறது, மனம் தணிகிறது, இரவில் தூக்கம் வருகிறது. மறுநாள் காலை குதிகால் மறுபடி பிடித்தது. உள்ளங்காலில் ஓடும் தடித்த திசுப்பட்டையின் கோளாறு அது. கெண்டைக்காலை அன்றாடம் நீட்டிப் பயிற்சி செய்வதும் குதிக்கு மெத்தென்ற செருப்பும்தான் நாளாவட்டத்தில் உதவுகின்றன.

என் கவலை வேறு ஒருவரைப் பற்றியது. பல ஆண்டு நீரிழிவில் பாதம் எரிகிறது, மதமதக்கிறது என்று அலுத்துப்போய் இந்த நாற்காலிக்கு வருபவர் அவர். நரம்பு கெட்ட காலுக்குச் சூடும் தெரியாது, விரல் கணுவின் அழுத்தமும் தெரியாது. கன்றிய இடம் புண்ணாகி, புண் விரலையே வாங்கிவிடலாம். அவர் முதலில் போகவேண்டிய இடம் பாலிகிளினிக். மெல்லிய நைலான் இழையால் தொட்டே உணர்வு இருக்கிறதா என்று அங்கே கண்டுபிடித்துவிடுவார்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் பிடித்துவிடக் கூடாது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

“புண்ணோட வந்தா நான் தொடமாட்டேன். டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பிடுவேன்” என்றார் அம்மாள். ஆனால் அவருக்கு ஆள் கணக்கில்தான் கூலி. திருப்பி அனுப்பும் ஒவ்வொருவராலும் நஷ்டம் அவருக்கே. அவருடைய தேர்ச்சியில் ஆகச் சிறந்ததாக நான் கண்டது காலைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளும் அந்த முடிவைத்தான். அதற்கும் கடைக்காரர் கூலி கொடுக்கவேண்டும்.