ரெண்டு எழுத்து

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு இது. போன பங்குனிக்கு வலங்கைமான் போயிட்டு வந்ததுல இருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

எங்க ஊர் வரதராஜம்பேட்டை மாரியம்மனுக்கு எடுக்கிற பாடைக்காவடி பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. சாகக் கிடந்து பொழைச்சவங்க, பாடையில பொணம் மாதிரி படுத்துக்கிட்டு கோயிலைச் சுத்தி வர்ற வேண்டுதல். இந்தத் தடவை படுத்தது என் சின்ன அத்தை. வயசு 41. மார்புப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு தலையில அரை இஞ்ச் முடி வளர்ந்திருந்துச்சு. அப்பாதான் தீச்சட்டியோட முன்னால நடந்தார்.

அப்பாயி போனதும் இதே நோயில, 44 வயசுல. அன்னிக்கு ராத்திரி திண்ணையில இந்தப் பேச்சு வந்தப்ப பெரியம்மா என் தங்கச்சியைக் காட்டி, "இவளுக்கு என்ன, இவ அம்மா வழியில யாருக்கும் இல்லியே"ன்னாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும்தான்.

சென்னை திரும்பினதும் படிக்க ஆரம்பிச்சேன். அங்கதான் தூக்கம் போச்சு.

17-வது குரோமோசோம்ல பி.ஆர்.சி.ஏ.1னு ஒரு மரபணு. 1990-ல மேரி கிளேர் கிங் இடத்தைக் காட்டினாங்க, 1994-ல ஆளே பிடிபட்டான். இது வில்லன் இல்லீங்க, ரிப்பேர்காரன். வயசுக்கு வரும்போதும், கர்ப்பத்துலயும் மார்புல இருக்கிற செல்கள் கிடுகிடுன்னு பெருகும். அப்படிப் பெருகும்போது அறுந்துபோற டி.என்.ஏ இழையைச் சேர்த்து வைக்கிறது இதோட வேலை. பால் சுரக்கிற செல்லா மாறப்போற இளம் செல்கள் ஒழுங்கா முதிர்றதுக்கும் இது வேணும். அம்மாகிட்ட ஒரு காப்பி, அப்பாகிட்ட ஒரு காப்பி வரும். ஒண்ணு பிழையா இருந்து, ஏதோ ஒரு செல்லுல நல்ல காப்பியும் போச்சுன்னா சிக்கல் தொடங்குது.

பிழைன்னா என்ன? செல், டி.என்.ஏ எழுத்தை மூணு மூணா படிக்கும். "நேத்து அத்தை வயல் நடவு"ன்னு வச்சுக்கங்க. "அத்"ங்கிற ரெண்டு எழுத்தைத் தூக்கிட்டு மறுபடி மூணு மூணாப் பிரிங்க. "நேத்து தைவய ல்நட வு". அவ்ளோதான், மொத்த புரோகிராமும் காலி! 185டெல்ஏஜிங்கிற பிழை இதேதான். 1863 கண்ணி நீளம் வரவேண்டிய புரதம் 39-வது இடத்துக்குள்ளயே நின்னுடும்.

கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்கள்ல சுமார் நூத்துல ஒருத்தர்கிட்ட இருக்கிற பிழை அது. நமக்கென்னன்னு விட முடியல. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் 2009-ல வெளியிட்ட ஆய்வுல, குடும்பத்துலயும் நோய் வந்திருக்கிற நோயாளிகளாப் பார்த்து 61 பேரைச் சோதிச்சாங்க. 17 பேருக்குப் பிழை. அதுல 10 பேருக்கு இதே ரெண்டு எழுத்து! யூதர்கள்கிட்ட இருந்து வராம தனியாவே உண்டாகியிருக்கும்னு, ஒரு இந்தியக் குடும்பத்தை வச்சு 2007-லயே எழுதியிருக்காங்க.

இந்தப் பிழைக்கு ஆண், பெண் தெரியாது. அப்பாயிகிட்ட இருந்து அத்தைக்கு வந்திருந்தா, அப்பாவுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு ஒண்ணும் பண்ணாம உள்ள உட்கார்ந்திருந்து தங்கச்சிக்குப் போகலாம். எனக்கும்.

டாக்டர்கிட்ட கேட்டா, முதல்ல நோய் வந்தவங்களைத்தான் சோதிக்கணுமாம். அவங்க பிழை எதுன்னு தெரிஞ்சாத்தான் மத்தவங்ககிட்ட அதைத் தேட முடியும். அத்தைக்குப் போன் போட்டேன்.

"எனக்குத்தான் வந்து போயிடுச்சேடா தம்பி, இனிமே என்னத்த சோதிக்கிறது?"

"உங்களுக்கு மட்டும் இல்ல அத்தை. பாப்பாவுக்கு, தங்கச்சிக்கு..."

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் இதைக் கேட்டா என்னடா சொல்லுவ?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல. இருந்தாலும் அடுத்த வாரமே கும்பகோணத்துல பஸ் ஏறி வந்து ரத்தம் குடுத்தாங்க.

ரிசல்ட் வந்துச்சு. 185டெல்ஏஜி.

இந்தப் பிழை இருந்தா 80 வயசுக்குள்ள மார்புல வர வாய்ப்பு 70 சதவீதம் பக்கம், சினைப்பையிலயும் வரலாம். ஆனா முன்னாடியே தெரிஞ்சா 25 வயசுல இருந்து வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ எடுத்துப் பாத்துக்கலாம். தங்கச்சிக்கு இப்ப 24.

அப்பா விஷயத்தைக் கேட்டுட்டு, "நான் நல்லாத்தானேடா இருக்கேன்"னு போனை வச்சுட்டார். மூணு நாள் பேசல. நேத்து ராத்திரி அவரே கூப்பிட்டார்.

"ஏன்டா, ரத்தம் வெறும் வயித்துல குடுக்கணுமா?"

"வேணாம்ப்பா. சாப்பிட்டே வாங்க."