இறம்பொடைக் கணவாய்க்கு ஒரு பிரயாணத் திட்டம்

பிரயாணம் என்பது எமது குடும்பத்துக்குப் புதிய விஷயமன்று. பிரயாணத்துக்குத் திட்டமிடுவதுதான் முற்றிலும் புதிய விஷயம். 1977ஆம் ஆண்டு மலைநாட்டிலிருந்து லொறியொன்றில் வவுனியாவுக்கு வந்து இறங்கியபோதும் சரி, அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியபோதும் சரி, 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்தபோதும் சரி, எந்தப் பாதையாற் போவது, எங்கே இராத்தங்குவது என்பவற்றை நாம் தீர்மானித்ததில்லை. ஆகவே, சென்ற 2025ஆம் ஆண்டு சிறுபோக நெல்லை விற்றுக் கையில் நாலு காசு மிஞ்சிய வேளையில், “எல்லோருமாக நுவரெலியாவுக்குப் போய்வந்தால் என்ன?” என்று எம் இளைய மகன் கேட்டபோது, வீட்டில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

வன்னியிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மேடு என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். அதன்மேல் சைக்கிளை மிதித்து ஏற்றிவிட்டால் இமயத்தை வென்ற பெருமிதம்! அவர்களுக்கு நாம் கணக்குச் சொன்னோம்: கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறத்தாழ 250 கிலோமீற்றர், ஏ-9 வீதி நேரே கொண்டுபோய் விட்டுவிடும். கண்டிக்கு அப்பால் பேராதனை, கம்பளை, புசல்லாவை வழியாக மேலேறும் ஏ-5 வீதியில் ஓர் எழுபத்தைந்து கிலோமீற்றர்தான். ஆனால், அந்த எழுபத்தைந்துக்குள் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறவேண்டும். பழைய கணக்கில் ஆறாயிரத்து நூற்றிருபத்தெட்டு அடி. இறம்பொடைக் கணவாயின் முகடு நுவரெலியா நகரினும் சற்று உயரமானது. அதைக் கடந்து சிறிது இறங்கித்தான் பட்டினத்துள் நுழையவேண்டும். மகன் உடனே கைப்பேசியை எடுத்து ஒரு பட்டியல் தயாரித்தான். 109 மீற்றர் உயரமான இறம்பொடை நீர்வீழ்ச்சி, ஆஞ்சநேயர் ஆலயம், லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலை, கிரகரி வாவி, சீதையம்மன் ஆலயம், ஹக்கலைப் பூங்கா என்று பட்டியல் நீண்டது. இரண்டு நாளில் இத்தனையும் பார்ப்பதானால் எதையும் பார்க்க முடியாது என்பது எமது அபிப்பிராயம். அதை அவனிடம் சொல்லவில்லை.

எம் அன்னையாருக்கு வயது எழுபத்தெட்டு. பிள்ளைகள் வன்னி வழக்கப்படி அவரை “அப்பம்மா” என்று அழைக்கிறார்கள், “அப்பாயின்னு கூப்பிடப் படாதா?” என்பது அவரது நெடுநாளைய மனக்குறை. பட்டியலை வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையில், கதவருகே ஒரு துணிப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. இல்லாள் அவிழ்த்துப் பார்த்தாள். காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஒரு தீப்பெட்டி, இரண்டு மெழுகுதிரி! பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கைகள் பழகியபடி செய்த வேலை அது. பிள்ளைகள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

நிற்க. நாம் போகவிருந்த பாதை எம் முன்னோருக்குப் புதியதன்று. கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் 1823ஆம் ஆண்டு முதன்முதலாகத் தென்னிந்தியத் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர் என்பர். பின்னர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த ஆயிரமாயிரம் பேர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை நடந்தார்கள். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டத்தார் நடந்தே சென்றனர். மதவாச்சிக்குத் தெற்கே எமது வான் ஓடப்போவது ஏறக்குறைய அதே தடத்திலேதான். இதை மகளுக்குச் சொன்னபோது, “அப்படியென்றால் அவர்கள் எத்தனை நாளில் மாத்தளைக்குப் போனார்கள்?” என்று கேட்டாள். வானில் ஐந்தாறு மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்த தாளை நாம் மடித்து வைத்துவிட்டோம்.

மார்கழி விடுமுறையில் புறப்படுவதாக முதலில் ஏற்பாடு. நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. எமது வயலில் வெள்ளம் நின்றது. மலைநாட்டிலோ மலையே சரிந்தது. வீதிகள் அறுந்தன, ஊர்கள் மண்ணுள் போயின. அன்னையார் வானொலியை விட்டு நகரவில்லை. அறிவிப்பாளர் சொல்லும் ஒவ்வோர் ஊருக்கும் அவர் வேறொரு பெயர் சொன்னார். தோட்டத்து மக்கள் தமக்குள் வழங்கும் பெயர்கள் அவை. எந்தப் படத்திலும் இல்லாதவை. ஒரு பெயரைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். எமது தந்தையாரை அடக்கம் செய்த இடம் அந்த வளைவுக்குக் கீழே என்பது எமக்கு அன்றுதான் தெரியும். அவர் தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தவர். எமக்கு நான்கு வயதாயிருக்கையில் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் மூன்றாம் வருடம், 1977 ஆகஸ்ட் வன்செயலுக்கு அஞ்சி அன்னையார் எம்மைத் தூக்கிக்கொண்டு வடக்கே வந்தார். மலையைத் திரும்பிப் பார்க்க அவருக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. வாய்க்கச் செய்யவேண்டும் என்று எமக்கும் தோன்றவில்லை; அதுதான் உண்மை.

பிரயாணத்தைக் கைவிட்டோம். தை பிறந்து, வெள்ளத்துக்குத் தப்பிய நெல்லை அறுத்து முடித்த ஒரு மாலையில், அன்னையாரே வாய் திறந்தார்: “மாசியிலே அங்க மழை இருக்காது, தம்பி. வெள்ளனப் போனா மூட்டமும் இருக்காது.”

இம்முறை எல்லாவற்றையும் புதிதாக யோசித்தோம். முதலாவது பிரச்சினை சாரதி. வான் அயல்வீட்டுத் தம்பியுடையது. நல்ல பிள்ளை, ஏ-9 வீதியில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான் என்பார்கள். நேரான வீதியில் அது பாராட்டு. மலையில் அதுவே ஆபத்து. 2025 மே 11ஆந் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ்வண்டி இதே வீதியில், கரண்டியெல்லைக்கு அருகே பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலை வீதியில் ஏறுவது பெரிதன்று, இறங்குவதே பெரிது. பிறேக்கை மிதித்தபடியே நெடுந்தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். வண்டியைத் தாழ்ந்த கியரில் விட்டு, எந்திரத்தின் பிடியிலேயே இறங்கவேண்டும். இதனை நாம் புத்தகத்தில் வாசித்தபடி அத்தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். திண்ணையிலிருந்த அன்னையார் குறுக்கிட்டார்.

“ஏறுன கியருலதான் எறங்கணும்னு ஒங்க அப்பா சொல்லுவாரு. வளைவுக்கு முன்னாடி ஹோர்ன் அடிக்கணும். மேல வர்ற வண்டிக்கு வழி விடணும். மூட்டம் எறங்கிடுச்சுன்னா ஓரமா நிப்பாட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கணும், ஓட்டக் கூடாது.”

ஐம்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் ஒருவரும் கேளாத சாஸ்திரம்! சாரதித் தம்பி வாயடைத்துப்போனான். அவன் மனம் நோகாதவாறு ஓர் ஒழுங்கு செய்தோம். மாத்தளை வரை அவனே ஓட்டுவான். அப்பால், மலையிலே ஓட்டித் தழும்பேறிய ஒரு சாரதி மாத்தளையில் ஏறிக்கொள்வார். இல்லாளின் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே கடை வைத்திருக்கிறார். அவர் ஆளைத் தேடித் தருவதாகச் சொன்னார். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கல். மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் தேர் வருவதால் அவ்வாரம் சனநெருக்கடி என்று அவர் எச்சரித்தார். அன்னையாரோ அதற்காகவே அந்த வாரந்தான் போகவேண்டும் என்றார். ஐந்து தேரையும் பார்த்துவிட்டு மறுநாள் விடியுமுன் மலையேறுவது என்று தீர்மானமாயிற்று.

குளிருக்கு உடுப்புத் தேடுவது பெரும்பாடாக இருந்தது. கிளிநொச்சி வெயிலில் சுவெற்றர் கேட்டால் கடைக்காரர் எம்மை மேலும் கீழும் பார்க்கிறார்! மாசியில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லின்மீது உறைபனி படியும் என்று நாம் சொன்னதை அவர் நம்பவில்லை. மயக்கத்துக்குத் தேசிக்காயும் வேர்க்கொம்பும், வழிக்கு இடியப்பமும் சம்பலும் என்று இல்லாள் தன் பங்கை முடித்துவிட்டாள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை நாள்தோறும் பார்ப்பது மகளின் பொறுப்பு. நுவரெலியா மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால், மாத்தளையோடு திரும்புவது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட நிபந்தனை. அன்னையாரும் ஒப்புக்கொண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மகனின் பட்டியல் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. கிரகரி வாவியையும் ஹக்கலையையும் அவனே அடித்துவிட்டான். இறம்பொடை நீர்வீழ்ச்சி இருக்கிறது. அதற்கு முன்னால், பெயரில்லாமல் “வளைவு, ஒரு மணி நேரம்” என்று மட்டும் எழுதியிருக்கிறான். அங்கே ஒரு முள்முருங்கை மரம் நிற்கும் என்பது அன்னையார் சொல்லும் அடையாளம். அரை நூற்றாண்டு கழிந்து அம்மரம் நிற்குமா, சரிந்த மண்ணோடு அந்தச் சரிவே போய்விட்டதா என்பதை நாம் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கலாம் என்று ஒருமுறை தொடங்கினோம். “போய்ப் பாத்துக்கலாம்” என்று அவர் நிறுத்திவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. துணிப்பை இன்னும் கதவருகேதான் இருக்கிறது. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டோம்; மெழுகுதிரியையும் தீப்பெட்டியையும் அவர் எடுக்கவிடவில்லை. யன்னலோர ஆசனம் யாருக்கு என்று பிள்ளைகள் இரண்டு நாளாகச் சண்டை. நேற்று அன்னையார் அதைத் தீர்த்துவைத்தார். முன்னாசனம், சாரதிக்கு இடப்பக்கம், தமக்கு வேண்டுமாம்.

“போறப்ப அந்தப் பக்கந்தான் வரும்” என்றார்.