மேட்டில் பார்க்க வேண்டிய நாடி

அறுபதைத் தாண்டிய ஒரு பெண், மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்று சொன்னால், லயத்திலும் டிஸ்பென்சரியிலும் கிடைப்பது ஒரே பதில்: ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை மலிந்து கிடக்கிறது. ஆனால் அதே முறைப்பாட்டோடு வருகிற சிலருக்குக் கோளாறு இருதயத்தின் சைனஸ் கணுவில் இருக்கிறது. கீத், பிளாக் என்ற இருவர் 1907இல் விவரித்த அந்தச் சிறு திசு, வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பைத் தொடக்கிவைப்பதும், உடல் கேட்கும்போது வேகத்தைக் கூட்டுவதும் அதன் வேலை. வயதேற அதன் உயிரணுக்கள் குறைந்து நார்த்திசு படியும்போது சிலருக்குத் துடிப்பு எப்போதும் மந்தமாகிறது. சிலருக்குச் சில நொடி நின்றுபோய் மயக்கம் வருகிறது. இன்னும் சிலருக்கு உட்கார்ந்திருக்கும்போது குறையே தெரியாது, ஏற்றத்தில் மட்டும் துடிப்பு கூட மறுக்கிறது. சமதரையில் நடமாடுகிறவருக்கு இந்த மூன்றாவது வகை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகும் கைகாசுக்குக் கொழுந்து பறித்து, கூடையோடு மடுவத்துக்கு ஏறுகிறவரிடம் அது சீக்கிரமே வெளிப்பட்டுவிடும்.

வெளிப்பட்டும் நாம் அதைத் தவறவிடுகிறோம் என்பதே என் வாதம். கட்டிலில் படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. பத்து நொடிப் பதிவு. அதில் எல்லாம் சரியாக இருக்கும். துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் மாட்டினாலும் அன்று கோளாறு தலைகாட்டினால்தான் பயன். செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் ஓய்வில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் இடைநிற்பு கைக்குத் தப்பிவிடும். பிறகு மேடோ படியோ ஏறச் சொல்லி, நின்றவுடனே எண்ண வேண்டும். இங்கே பதினைந்து நொடி போதும், தாமதித்தால் வேகம் தணிந்துவிடும். இரத்தச்சோகைக்காரரின் நாடி படபடவென்று ஓடும். கணு தளர்ந்தவரின் நாடியோ, மூச்சு இரைக்கும்போதும் அறுபது எழுபதைச் சுற்றியே நிற்கும்.

உழைத்த உடம்புக்கு நாடி மெதுவாகத்தானே இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த நாடி ஏற்றத்தில் உயரும். கண்டி வரை போய் பேஸ்மேக்கர் வைக்க முடியாதவருக்கு இதைக் கண்டுபிடித்து என்ன லாபம் என்ற கேள்விதான் கனமானது. எல்லோருக்கும் பேஸ்மேக்கர் தேவைப்படாது. இன்ன எண்ணுக்குக் கீழே போனால் வைத்தே தீரவேண்டும் என்ற விதியும் இந்த நோயில் இல்லை. மந்த நாடியும் முறைப்பாடும் பொருந்த வேண்டும். அதற்கு முன் கிளினிக் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்: பிரஷருக்கோ படபடப்புக்கோ கொடுத்த அட்டெனோலோல், வெராபமில், டில்டியாசெம், டிகொக்சின் எல்லாமே நாடியை இறக்கும். தைரொய்ட் குறைவும் இறக்கும். மாத்திரையை மாற்றியதிலேயே சரியாகிறவர்கள் உண்டு. அந்த மாற்றத்தை வைத்தியரே செய்ய வேண்டும். அட்டெனோலோலைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மயங்கி விழுந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். விழுந்தவர் உடனே தெளியாவிட்டால் தோட்ட லொறிக்குக் காத்திராமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.