பற்றை வெட்டுமுன்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என்று ஆசிரியர் பணித்தபோது, கல்லூரி நாட்களைப் பற்றியே எழுத எண்ணினேன். ஆயின் அந்நாட்களை என்னிலும் நன்கு நினைவுகூர வல்லார் பலர் உளர். வலிகாமம் வடக்கிலே நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த தம் வளவுகளுக்கு மீளும் பழைய மாணவர் சிலருக்கேனும் உதவும் என்று கருதி, என் அநுபவம் ஒன்றைக் கூறுகிறேன்.

மயிலிட்டிப் பக்கத்திலுள்ள எங்கள் வளவு நாலு பரப்பு. அதாவது கால் ஏக்கர். 1990 ஆனியில் அதனை விட்டு வெளியேறினோம். 2018இல் அது விடுவிக்கப்பட்டபோது நான் கண்டது வளவன்று, காடு. வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மாத்திரம் எஞ்சியிருந்தது. அதன் வெடிப்புக்களில் ஆலும் வேம்பும் வேரோடியிருந்தன. இப்பிலிப்பிலும் நாயுண்ணியும் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்திருந்தன.

இயந்திரக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "ஒரு பகல் வேலை ஐயா, மட்டமாக்கித் தாறன்" என்றார். நான் இசைந்திருப்பேன். "இஞ்சாருங்கோ, கிணறு எங்கையெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று என் மனைவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இயந்திரத்துக்கு முன்னர் கைக்கத்தியே உள்ளே சென்றது. வெடிபொருள் அகற்றப்பட்ட காணி என்ற சான்று கிடைத்த பின்னரே கால் வைத்தோம். ஆயினும் துருப்பிடித்த இரும்பு எதனைக் காணினும் தொடாது விலகவேண்டும் என்பதைக் கூலியாளருக்கு முதலிலேயே சொல்லிவைத்தேன். அவர்கள் நீண்ட தடியால் நிலத்தைத் தட்டித் தட்டி முன்னேறினர். மூன்றாம் நாள், கொடிகளின் கீழே தடி வெறுவெளியில் இறங்கிற்று. கட்டு இடிந்து, வாய் முழுதும் பற்றை மூடிய கிணறு அது. இயந்திரம் அவ்வழியே வந்திருந்தால் சாரதியோடு உள்ளே போயிருக்கும்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தலாகாது என்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். எங்கள் வளவிலே பெண்பனை ஆறும் பலா ஒன்றும் நின்றன. அவற்றுக்குச் சுண்ணாம்பு பூசி அடையாளமிட்டோம்.

அந்தப் பலாவால் வேறொரு சிக்கல் வந்தது. மேற்கு வளவாரோடு என் தந்தையார் எல்லை குறித்து நெடுநாள் பிணங்கியிருந்தார். இருவரும் இன்று இல்லை. பழைய வேலியின் கதியால்கள் பெரும் பூவரசுகளாய்ப் பருத்து நின்றன. அவ்வரிசையை ஒட்டி இருபுறமும் பற்றையை வெட்டுவித்து, உறுதியையும் படத்தையும் நில அளவையாளரிடம் கொடுத்தேன். அவர் அளந்து காட்டிய இடத்தில் அலவாங்கால் தோண்டியபோது எல்லைக்கல் அகப்பட்டது. வேலியோ அக்கல்லுக்கு இரண்டடி மேற்கே நின்றது. தந்தையார் நட்ட பலா, கல்லின்படி, அயலவர் நிலத்திலே நின்றது. ஐயாவின் பக்கமே நியாயம் என்று கல்லூரியில் தோழரோடு வாதாடியவன் நான்.

மேற்கு வளவாரின் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கல்லை மூடிவிடுதல் எளிது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். அவரை அழைத்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாது நின்றார்.

"பலா நிக்கட்டும் அண்ணை. பழத்தைப் பாதியாப் பிரிப்பம்" என்றார்.

புதிய வேலியைக் கல்லின்படியே அடைப்பதென்று முடிவாயிற்று. அடுத்த கிழமை இயந்திரம் வந்தது. இயந்திரக்காரர் சொன்னது சரிதான். ஒரு பகல் வேலை. அதற்கு ஆயத்தஞ் செய்யவே எங்களுக்கு 26 நாட்கள் சென்றன.