காக்கி பெரேவும் நான் சொன்ன பாதிப் பொய்யும்

வழக்கமா வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க யார் வர்றீங்க, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்ல யார் நிக்கிறீங்கன்னு கேட்டுத்தான் நான் பதிவு போடுவேன். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். நம்ம கோயில் பசங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க. உங்களுக்காகத்தான் எழுதறேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசிப் பூஜை முடிஞ்சு, அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்துக்கிட்டு இருந்தோம். நம்ம தொண்டூழியர் தம்பி ஒருத்தன் கேம்ப்பிலிருந்து புக் அவுட் ஆகி, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா கோயிலுக்கு வந்தான். சாமி கும்பிட்டுட்டு என்கிட்ட வந்து, "அங்கிள், ஒரு உதவி"ன்னான். கையில ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே புத்தம் புது காக்கி பெரே.

தேசிய சேவை செஞ்சவங்களுக்கு அந்த நிறத்தோட அர்த்தம் தெரியும். தெரியாத அக்காமாருக்காகச் சொல்றேன். நம்ம சிங்கப்பூர் ராணுவத்துல தலையில இருக்கிற பெரே தொப்பியோட நிறத்தைப் பார்த்தே ஒருத்தர் எந்தப் பிரிவுன்னு சொல்லிடலாம். காலாட்படைக்குப் பச்சை. கவசப் படைக்குக் கறுப்பு. கமாண்டோவுக்குச் சிவப்பு. கார்ட்ஸ் பிரிவுக்குக் காக்கி. சிவப்பும் காக்கியும் சும்மா கிடைக்காது. கமாண்டோ பசங்க சிவப்பு பெரேவுக்காக 72 கிலோமீட்டர் நடக்கிறாங்க. கார்ட்ஸ்ல அதுக்குன்னே ஒரு பயிற்சி இருக்கு. ஹெலிகாப்டர்ல இருந்து கயிறு பிடிச்சு இறங்கணும், மூட்டையோட ஓடணும். முடிச்சவங்களுக்கு மட்டும்தான் காக்கி.

"அடுத்த வாரம் பரேட் அங்கிள். அதுக்குள்ள ஷேப் பண்ணி வைக்கணும். நீங்களும் கார்ட்ஸ்தானே, சொல்லிக் கொடுங்க. அப்படியே உங்க பழைய பெரேவையும் எடுத்துட்டு வாங்க, ரெண்டு பேரும் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுப்போம்."

எனக்குக் கை அண்டாவிலேயே நின்னுடுச்சு.

என்கிட்ட பழைய காக்கி பெரே கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல.

நடந்தது இதுதான். 1994ல என்னைக் கார்ட்ஸ் பயிற்சிக்குப் போட்டாங்க. நானும் உயிரைக் கொடுத்துத்தான் ஓடினேன். பாதியில வலது முழங்காலுக்குக் கீழே, எலும்போட வலி ஆரம்பிச்சது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா எம்சி கொடுத்து உட்கார வெச்சிடுவாங்கன்னு பயம். தைலம் தேய்ச்சு, துணி கட்டிக்கிட்டு ஓடினேன். கடைசியில எலும்புல விரிசல்னு டாக்டர் சொன்னாரு. ஓஓசி ஆயிட்டேன். யார் மேலயும் தப்பு இல்ல, மறைச்சது நான்தான். அப்புறம் ஒரு காலாட்படைப் பட்டாளத்துல ஸ்டோர் வேலை, தலையில பச்சை பெரே. மிச்ச சேவையை அங்கேதான் முடிச்சேன்.

வேற இடம் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வாரம் அதே பங்க்லதான் இருந்தேன். கால்ல கட்டு. கூட்டாளிங்களுக்குப் பரேட் நெருங்குச்சு. பெரேவைக் கொடுத்து, போடக்கூடாது, ஆனா வடிவம் சரியா இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அவனுங்க பகலெல்லாம் வெளியே கிடந்துட்டு வந்து பிணம் மாதிரி தூங்குவானுங்க. நான் சும்மாதானே இருக்கேன்னு பாத்ரூம் சிங்க்ல உட்கார்ந்து மூணு பேரோட பெரேவை நனைச்சு, சவரம் பண்ணி, அவனுங்க தலையில வெச்சு இழுத்து விட்டேன். ஒருத்தன், "நீயும் ஒரு தடவை போட்டுப் பாருடா, யாரும் பார்க்கல"ன்னான். வேண்டாம்னுட்டேன். அன்னிக்கு இருந்த யோக்கியம் பிறகு எனக்கு இல்லாமப் போச்சு.

கோயில்ல தொண்டு செய்ய ஆரம்பிச்ச புதுசுல, ஒரு தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலையில கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கிட்டு இருந்தோம். ஒருத்தர், "என்னங்க, பட்டாளத்தான் மாதிரி நிக்கிறீங்க, எந்த யூனிட்?"னு கேட்டாரு. "கார்ட்ஸ்"னு சொல்லிட்டேன். பொய்னு சொல்ல முடியாது, அங்கே இருந்தேன்தானே? ஆனா உண்மையும் இல்ல. அதுக்கப்புறம் அதைத் திருத்தவே இல்ல. பசங்க கேட்கக் கேட்க கதை வளர்ந்துச்சு. ஹெலிகாப்டர் கதையெல்லாம் சொல்லியிருக்கேன். உங்கள்ல பல பேரு கேட்டிருக்கீங்க.

ஒரு தொப்பிக்கு ஏன் இவ்வளவு மதிப்புன்னு சில பேர் நினைக்கலாம். பெரே பட்டாளத்துக்கு வந்ததே வசதிக்காகத்தான். பிரான்சுல மலைப் படைக்காரங்க போட்டிருந்ததைப் பார்த்து, பிரிட்டிஷ் டாங்கிப் படை 1924ல கறுப்பு பெரேவை எடுத்துக்கிட்டாங்க. டாங்கி உள்ளே விளிம்பு வெச்ச தொப்பி போட்டா இடிக்கும். கறுப்புல எண்ணெய்க் கறை தெரியாது. அப்புறம் 1942ல பிரிட்டிஷ் பாராசூட் படைக்கு மெரூன், கமாண்டோவுக்குப் பச்சை. அப்படியே நிறம் ஒரு பேர் மாதிரி ஆயிடுச்சு.

2000ல அமெரிக்க ராணுவம் எல்லாருக்கும் கறுப்பு பெரேன்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் கறுப்பு, ரேஞ்சர் படைக்காரங்க கஷ்டப்பட்டு வாங்கின நிறம். முன்னாள் ரேஞ்சர்கள் ஜார்ஜியாவிலிருந்து வாஷிங்டன் வரைக்கும் நடந்தே போய் எதிர்ப்பு காட்டினாங்க. கடைசியில ரேஞ்சர்களுக்குத் தனியா மணல் நிறம் கொடுத்தாங்க. அந்தச் செய்தியைப் படிச்சப்போ, "துணிக்குப் போய் இவ்வளவு தூரம் நடப்பாங்களா"ன்னு வீட்டுல கேட்டாங்க. நான் வாயே திறக்கல.

நம்ம கோயில்ல பரிவட்டம் கட்டுறதும் இப்படித்தானே? கடையில துணி வாங்கி நாமே தலையில சுத்திக்கிட்டா அது பரிவட்டம் ஆகாது. இன்னொருத்தர் கூப்பிட்டு நிறுத்திக் கட்டணும். நான் 30 வருஷமா எனக்கு நானே கட்டிக்கிட்டு நின்னேன்.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன். தம்பியைத் தனியா கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "தம்பி, நான் கார்ட்ஸ் பயிற்சியை முடிக்கலடா. காக்கி வாங்கல. என்னோடது பச்சை."

அவன் சிரிக்கவும் இல்ல, பரவாயில்லன்னு சொல்லவும் இல்ல. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "உங்க கதையைக் கேட்டுத்தான் அங்கிள் நான் கார்ட்ஸ் போகணும்னு ஆசைப்பட்டேன்"னான். திட்டியிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

"மன்னிச்சிடுப்பா"ன்னேன். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல.

அப்புறம் அவனே கேட்டான். "முழங்கால் நிஜமாவே விரிசலா?" "நிஜம்." "மூணு பேருக்கு ஷேப் பண்ணினது?" "அதுவும் நிஜம்." பையை என்கிட்ட நீட்டினான். "அப்போ இதுக்கும் நீங்களே பண்ணுங்க."

பெரேவுல தோல் பட்டை இருக்கறதால உள்ளே கொண்டு போகாம, வெளியே கார் நிறுத்துற இடத்துக் குழாயடியில உட்கார்ந்தோம். மத்த பசங்களுக்கும் உதவும், அதனால முறையை எழுதிடறேன்.

புது பெரே தோசைக்கல் மாதிரி விறைப்பா இருக்கும். கம்பளியை மட்டும் வெந்நீர்ல நனைக்கணும். தோல் பட்டை முடிஞ்ச வரைக்கும் நனையக்கூடாது. அப்புறம் பச்சைத் தண்ணியில ஒரு முக்கு. துணி மாதிரி முறுக்கிப் பிழியாதீங்க, துண்டுல வெச்சு அழுத்துங்க. தலையில போட்டு, பட்டை புருவத்துக்கு மேலே ரெண்டு விரல் உயரத்துல, சுத்தி ஒரே மட்டமா இருக்கணும். சின்னம் வர்ற இடம் இடது கண்ணுக்கு நேர் மேலே, அங்கே நிமிர்ந்து நிக்கணும். மிச்சத் துணியை வலது பக்கமா இழுத்து, காதை நோக்கிப் படிய விடணும். பிரெஞ்சுக்காரங்க பெரும்பாலும் இடது பக்கம் இழுப்பாங்க. ஈரம் காயற வரைக்கும் தலையிலேயே இருக்கட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், சுருங்கிடும். காய்ஞ்சதும் புது பிளேடு ரேசரால ஒரே திசையில மெதுவா சவரம் பண்ணினா மேலே இருக்கிற பஞ்செல்லாம் போயிடும். அழுத்தினா ஓட்டை. பின்னாடி இருக்கிற நாடாவைத் தலைக்கு ஏத்த மாதிரி இறுக்கி, முடிச்சுப் போட்டு, பட்டைக்குள்ள மறைச்சிடுங்க. சீக்கிய நண்பர்களுக்கு இந்த வேலை இல்ல, அவங்க தலைப்பாகையிலேயே சின்னம் வெச்சுப்பாங்க.

ஈர பெரேவோட அவன் ஒரு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தான். நான் எதிரே உட்கார்ந்து மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தேன். பங்க்ல என்கூட இருந்த அந்த மூணு பேரைப் பத்தி, இந்தத் தடவை நடந்தது நடந்தபடியே சொன்னேன். ஹெலிகாப்டர் வரல. கடைசியில கார் கண்ணாடியில பார்த்தான். "நல்லா இருக்கு அங்கிள்"ன்னான். போட்டோ எடுக்கல. பரேட்ல போட்டதுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்.

நேத்து பரேட் முடிஞ்சது. அவனோட அம்மா போட்டோ அனுப்பியிருந்தாங்க. வலது பக்கம் கத்தி மாதிரி படிஞ்சிருக்கு.

பசங்களா, என் கதையைக் கேட்டு யாராவது இன்னும் என்னைக் கார்ட்ஸ்னு நினைச்சிருந்தீங்கன்னா, இல்ல. நான் ஸ்டோர்மேன். பச்சை பெரே. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். முழங்கால் வலிச்சா மட்டும் தயவுசெஞ்சு மறைக்காதீங்க. எந்த நிறமா இருந்தாலும் சரி, பெரே ஷேப் பண்ணத் தெரியாதவங்க வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் வாங்க. ரேசர் புதுசா நீங்களே வாங்கிட்டு வரணும்.

அப்படியே வந்தவங்க ரெண்டு அண்டா கழுவிட்டுப் போங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.